ஏற்கப்பட்ட பிரதி

பாசல். நூலகத்தின் கீழ்த்தளம்.
கட்டுரைகளுக்கு நாள் எண்ணுவது என் வேலை.
ஈரல், எலி, நொதி, மூளைக்கட்டி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, ஒரு தேதி.
ஆறு மாதம். பன்னிரண்டு மாதம்.
சிறையில்கூட நன்னடத்தைக்குக் கழிவு உண்டு.

பேராசிரியர்களுக்கு எழுதுவேன்:
பதிப்பாளர் சோடித்த வடிவம் வேண்டாம்,
மதிப்பாய்வு முடிந்து நீங்கள் கடைசியாக அனுப்பிய
அந்த வெறும் கோப்பு போதும்.
பாதிப்பேர் பதில் போடுவதில்லை.
ஒருவர் இதழின் அட்டைப்படத்தை அனுப்பினார்.
இன்னொருவர் தன் கட்டுரையைத் தானே
முப்பத்தைந்து பிராங்க் கொடுத்து வாங்கி
ரசீதையும் இணைத்திருந்தார்.

ரெகுலா அம்மான் பெப்ரவரியில் இறந்துபோனார்.
(அம்மான் இங்கே குடும்பப் பெயர்.
முதல்முறை வாசித்தபோது
தாய்மாமன் ஞாபகத்தில் சிரித்துவிட்டேன்.)
புடையன் கடித்தபின் சிறுநீரகம்
எந்த மணியில் கைவிடுகிறது என்று
பதினொரு ஆண்டு பார்த்தவர்.
வவுனியாவுக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில்
கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்தபடி
இரத்தம் உறைய
இருபது இருபது நிமிடமாகக் காத்திருந்தவர்.
கடைசிக் கட்டுரை நவம்பர் ஒன்பதில் வந்தது.
வாசலில் நின்று படிக்கச் சுருக்கம் மட்டும்:
இருநூற்றைம்பது சொல்.

மார்ச்சில் தங்கை விரேனி வந்தார்.
மிக்ரோ கடைக் காகிதப்பையில் மடிக்கணினி,
கூடவே இரண்டு லீக்ஸ் தண்டு,
வீட்டுக்குப் போகும் வழியாம்.
திறந்தால்: இறுதி. இறுதி இரண்டு.
இறுதி, இதுதான். இறுதி, கடவுளே.
கடைசியாகச் சொன்னதுதான் ஏற்கப்பட்ட பிரதி.

அதன் ஓரத்தில் அழிக்காத குறிப்பு ஒன்று,
மூன்றாம் அட்டவணைக்கு எதிரே:
"நாற்பத்திரண்டு இல்லை, நாற்பத்தொன்று.
ஒருவர் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.
இருக்கிறாரா? விசாரி."
அச்சில் நாற்பத்தொன்று என்றே இருக்கிறது.
குறிப்புகளை நீக்கிய பிறகே ஏற்ற வேண்டும் என்பது விதி.
நீக்கினேன்.
பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பூட்டிய கட்டுரைக்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம்:
ஆசிரியரிடம் பிரதி கேளுங்கள்.
ஏப்ரலில் யாரோ அழுத்தியிருந்தார்கள்.
வவுனியாவுக்கு அப்பாலிருந்து,
அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு,
பெயர் ச. தர்மினி, பயிற்சி வைத்தியர்.
கேள்வி ரெகுலாவின் பெட்டிக்குப் போனது.
பெட்டி உடனே பதில் சொன்னது:
விடுப்பில் இருக்கிறேன்,
திங்கட்கிழமை திரும்புவேன்.

மே மாதம் மறுபடி அழுத்தினார்.
அதே திங்கட்கிழமை.
யூலையில் இரண்டு தடவை.

இதெல்லாம் செப்டம்பரில்தான் எனக்குத் தெரியவந்தது,
புள்ளிவிவரம் சரிபார்க்கும்போது.
அனுப்பட்டுமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.
நல்ல மனிதர், தோமா புர்க்ஹால்டர்,
ஒப்பந்தத்தை இரண்டு முறை வாசித்தார்,
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"ஆசிரியர் அனுப்பலாம். நாம் கூடாது."
நாய் பெற்ற தேங்காய் என்று எங்களிடம் ஒரு பேச்சு உண்டு.
அதற்கு ஜெர்மன் தெரியாமல்
நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று நான் செய்தது இவ்வளவுதான்.
குறிச்சொல் கட்டத்தில் மூன்று மொழிக்கு இடம்.
நான்காவதாக, கேட்காமல், தட்டினேன்:
கண்ணாடிப் புடையன்.
எழுத்துரு தாங்குமோ என்று பயந்தேன்.
தாங்கியது.

நவம்பர் எட்டு இரவு.
தேவாலயச் சதுக்கத்தில் சந்தை ராட்டினம்
ஆளில்லாமலும் ஒரு சுற்றுச் சுற்றியது.
வறுத்த கஷ்கொட்டை வாங்கி, விரல் சுட,
ரைன் கரையில் நின்றேன்.
பன்னிரண்டு அடித்தது.
பூட்டுத் திறந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை.
ஆறு தன்பாட்டில் போனது.

காலையில் பார்த்தால் தரவிறக்கம் மூன்று.
ஒன்று நான், திறக்கிறதா என்று பார்க்க.
ஒன்று தேடுபொறியின் இயந்திரம்.
மூன்றாவது நாலு மணி பத்து நிமிடத்துக்கு.
அங்கே அப்போது எட்டு நாற்பது,
வார்டு சுற்றும் நேரம்.
கனடாவில் தூக்கம் வராத
யாராகவும் இருக்கலாம்.

ரெகுலாவின் பெட்டியை மூடச் சொல்லி
கணினிப் பிரிவுக்கு எழுதினேன்.
திங்கட்கிழமை செய்வதாகச் சொன்னார்கள்.

அடுத்த கோப்பு:
எலியின் ஈரல். ஆறு மாதம்.